'டிப்ளொமாட்டிக் கிஃப்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வரலாற்று ஆசிரியை எழுதியது:
நண்பர்களே, முதுகலை மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உஸ்மானிய சுல்தான்களுக்கும் ஐரோப்பிய அரசர்களுக்கும் இடையே தூதர்கள் கொண்டுபோன பொருள்களைப் பற்றிய பாடம். 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "லஞ்சமா மேடம்?" என்றாள். 'கப்பம்' என்றும் போட முடியவில்லை. 1547 உடன்படிக்கைப்படி, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து ஃபெர்டினாண்ட், ஹங்கேரியில் தன் கையில் இருந்த பகுதிக்காகச் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 30,000 டுகாட் பொற்காசு தர ஒப்புக்கொண்டார். அவர் தரப்பில் அதற்குப் பெயர் மரியாதைப் பரிசு. சுல்தானின் தலைநகரான இஸ்தான்புலில் அது திறை, அதாவது கப்பம். பணம் ஒன்றுதான். நம் சொல் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்:
கையுறை இருக்க வேறு சொல் எதற்கு அம்மா? பெரியவர்களைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார். குறுந்தொகை முதல் பாட்டே தலைவன் கொண்டுவந்த காந்தளைத் தோழி மறுப்பதுதான். கையில் உறுவது கையுறை. கையில் உறைவது என்றும் பிரிக்கலாம், எனக்கு முன்னதே சரியாகப் படுகிறது. வாங்குகிறவர் மறுக்கவும் இடம் தருகிற சொல் இது. 'தூதுக் கையுறை' என்று வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, இன்று கையுறை என்றால் ஆஸ்பத்திரியில் மாட்டுகிற க்ளவுஸ்தான். 'தூதுக் கையுறை' என்று படிக்கும் பிள்ளை தூதரின் கையைத்தான் பார்ப்பான். காணிக்கை போதாதா? காணும்போது கொடுப்பது. மொகலாய தர்பாரில் பாதுஷா முன் வைத்த நஜரும் அதே பொருள்தானே, நஜர் என்றால் பார்வை?

அரபு படித்தவர்:
இல்லை. பார்வையைக் குறிக்கும் நஜர் வேறு எழுத்து. தர்பாரில் வைத்த நஜர் 'நேர்ந்துகொண்டது' என்ற பொருளில் வருவது, நம் நேர்த்திக்கடன் மாதிரி. பாரசீகப் பேஷ்கஷ்தான் இங்கே பொருந்தும்: 'பேஷ்' முன்னால், 'கஷ்' இழுப்பது, முன்னே கொண்டுவந்து வைப்பது. ஆனால் நம் பாளையக்காரர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி வசூலித்ததும் பேஷ்கஷ் என்ற பெயரில்தான். மரியாதையாகத் தொடங்கிய சொல் வரியாகிப் போனது. காணிக்கைக்கும் அந்த ஆபத்து உண்டு.

இன்னொருவர்:
'அரசமுறைப் பயணம்' என்கிறோமே, 'அரசமுறைப் பரிசு' என்று வைத்தால் எல்லாருக்கும் புரியும்.

வரலாற்று ஆசிரியை:
அங்கேயும் சிக்கல். 1599-இல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசி சுல்தான் மூன்றாம் மெஹ்மத்துக்கு அனுப்பிய ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவிக்குச் செலவு செய்தவர்கள், உஸ்மானிய நாட்டோடு வியாபாரம் செய்த லெவண்ட் கம்பெனி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் வணிகர்கள். கடிகாரத்தோடு இணைந்து தானே வாசிக்கும் கருவி அது. உச்சியில் ஒரு புதர், வாசிப்பு முடிந்ததும் அதிலிருந்த பறவைகள் பாடிச் சிறகை அசைக்கும். செய்தவர் தாமஸ் டாலம், கப்பலில் கூடவே போனார். இஸ்தான்புலில் பெட்டியைத் திறந்தால், ஒட்டியிருந்ததெல்லாம் பசை விட்டுக் கிடந்தது, குழாய்கள் நசுங்கியிருந்தன. உட்கார்ந்து முழுதும் சரிசெய்துதான் சுல்தான் முன் வைத்தார். பெயர் அரசியுடையது, பணம் வியாபாரியுடையது. 'அரசமுறை' என்றால் அந்த வியாபாரி மறைந்துபோகிறார். 'தூதுப்பரிசு' என்றால்? தூதர் கொண்டுபோனார் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. வெள்ளிக்கிழமைக்கு இதுவே போதும்.

இன்னொருவர்:
எனக்கும் சம்மதம்.

தமிழாசிரியர்:
எனக்குச் சம்மதமில்லை. பரிசில் மேலிருந்து கீழே வருவது; வள்ளல் கொடுப்பான், பாணன் வாங்குவான். ஆர்கனைப் பரிசு என்றால் சுல்தானைப் பாணன் ஆக்குகிறீர்கள். தூதரைச் சந்திப்புக்கு முன் சுல்தான் கொடுத்த அங்கியை உடுத்தி உள்ளே அழைத்துப் போனார்களே, அதுதான் பரிசில். மேலே போவதற்கு ஒரு சொல், கீழே வருவதற்கு ஒரு சொல் வேண்டும். 1606-இல் சுல்தானும் ஹாப்ஸ்பர்க் பேரரசரும் செய்த சித்வாதோரோக் உடன்படிக்கையில் அந்த ஆண்டுப் பணம் நின்று, ஒரே தடவை 2,00,000 ஃப்ளோரின் நாணயம் என்று ஆனபோது இரு தரப்பும் சமம் என்று ஒப்புக்கொண்டார்கள். 'தூதுப்பரிசு' என்பதை அதற்குப் பின் வரும் பக்கங்களில் போடுங்கள். முன்னால் வருவதற்குக் கையுறை என்று அடிக்குறிப்பிலாவது எழுதுங்கள்.

வரலாற்று ஆசிரியை:
அடிக்குறிப்பில் சேர்க்கிறேன் ஐயா. க்ளவுஸ் இல்லை என்பதையும் அங்கேயே எழுதிவிடுகிறேன்.