பாய்மரத்துக்குள்ள ரேடார் கேபிள்: ஒட்டு எங்க போடலாம், எங்க போடக்கூடாது

வள்ளியூர் வயர்மேன்:
விசைப்படகில் ரேடார் மாட்டிப் பழகின கைக்குப் பாய்மரப் படகு வேற வேலை. விசைப்படகில் வீல்ஹவுஸ் (படகோட்டுற அறை) கூரையில் டோம் (ரேடார் ஏரியல் இருக்கிற வட்டக் கூண்டு), கீழ டிஸ்ப்ளே, நடுவுல ஒரே துண்டு கேபிள், அவ்வளவுதான். பாய்மரப் படகில் டோம் மரத்தின் பாதி உயரத்தில் உட்காரும். கேபிள் மரத்துக்குள்ளேயே இறங்கி, தளத்தைத் துளைத்து, உள்ளே சுற்றி வரைபட மேசைக்கு வரணும். 12 மீட்டர் படகுன்னா மரத்தில் 8, தளத்துக்குக் கீழே 6, வளைவுக்கும் கைமிச்சத்துக்கும் 2, ஆக 16 மீட்டர். பெட்டியோட வர்ற 10 மீட்டர் கேபிள் எட்டாது. எட்டாதுன்னு தெரிஞ்சதும் வெட்டி ஒட்டத்தான் கை போகும். முதல்ல 20 மீட்டர் கேபிள் கிடைக்குதான்னு கேளுங்க. விலை கூடத்தான், ஆனா ஒட்டு ஒண்ணு குறையும்.

இன்னொண்ணு, பழுது பார்க்க மரத்தைக் கழற்றுவாங்க. ஒரே துண்டா ஓட்டினா அன்னைக்கு கேபிளை வெட்ட வேண்டியதுதான். அதனால மரத்தடியில், தளத்துக்குக் கீழே காய்ஞ்ச இடத்தில், கழற்றி மாட்டுற ஒரு இணைப்பு இருந்தே ஆகணும். ஒட்டோ பிளக்கோ அங்க மட்டும்தான். மரத்துக்குள்ள ஒட்டு போட்டா அதை யாரும் பார்க்க முடியாது, பாய்க்கயிறு ஏறி இறங்குறப்ப உரசிக்கிட்டே இருக்கும்.

அவங்கவங்க பார்த்த கோளாறை எழுதுங்க. கடைப் பேரு, ஆள் பேரு வேண்டாம்.

உவரிக் கரை:
மரத்துக்குள்ள கேபிள் இழுக்குறதைப் பத்தி. பழைய கேபிள் உள்ளே கிடந்தா அதை உருவி எறியாதீங்க அண்ணாச்சி, அதன் வாலில் 4 மி.மீ. நைலான் கயிறு கட்டி உருவினா இழுகயிறு தானா உள்ள வந்துடும். கேபிள் தலையில் பிளக் இருந்தா அதை ஒரு ஓரமா மடக்கி, கயிறைக் கேபிள் உறையில் மூணு இடத்தில் முடிச்சுப் போட்டு, மேல டேப்பைக் கூம்பு மாதிரிச் சுத்துங்க. இழுக்குற பாரம் பிளக்கில் விழவே கூடாது. ஒரு படகில் பிளக்கைப் பிடிச்சு இழுத்திருந்தாங்க. வெளியே ஒண்ணும் தெரியல, உள்ளே ரெண்டு கோர் (கேபிளுக்குள்ள ஓடுற தனித்தனி வயர்) அறுந்திருந்தது.

மரத்தில் ஓட்டை போடுறப்ப ஏற்கெனவே இருக்கிற ஓட்டைக்கு நேர் எதிரே போடாதீங்க, ஒண்ணுக்கொண்ணு ஏத்தி இறக்கிப் போடுங்க. ஒரே மட்டத்தில் நாலு ஓட்டை விழுந்தா அலுமினியக் குழாய் அங்கதான் மடங்கும். ஓரத்தை அரத்தால் மழுக்கி ரப்பர் வளையம் போடணும். வளையம் இல்லாத ஓட்டையில் ஒரு கச்சான் (தென்மேற்குக் காத்து) பருவம் போதும், கேபிள் உறை அறுந்து ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கிற உலோக வலை) வெளியே தெரியும்.

மரத்துக்குள்ள தனிக் குழாய் இல்லைன்னா மீட்டருக்கு ஒரு இடத்தில் மூணு கேபிள் டை போட்டு, வாலை வெட்டாம மூணு திசைக்கு நீட்டி விடுங்க. முள்ளு மாதிரி நின்னு கேபிளைச் சுவரில் அடிக்க விடாது. இல்லன்னா நங்கூரம் போட்ட ராத்திரி டக்டக்னு ஒரே சத்தம். உள்ளே ஒரு ஆளு தூங்க முடியாது.

பாளை பேட்டரி:
வோல்ட் கணக்கை யாரும் போட மாட்டேங்கிறீங்க. 20 மீட்டர் ஓட்டம்னா போக வர 40 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரில் அது ஏறத்தாழ 0.53 ஓம். செட் 3 ஆம்பியர் இழுத்தா 1.6 வோல்ட் வழியிலேயே காலி. பேட்டரியில் 12 இருந்தா டோமில் 10.4 தான். 10.8-க்குக் கீழே வேலை செய்யாத செட்டுகள் உண்டு. இரண்டரை ஸ்கொயர் போட்டா இழப்பு ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே, நாலு ஸ்கொயர் போட்டா 0.6.

இந்தக் கோளாறு எப்படித் தெரியும்னா, ஸ்டாண்ட்பையில் எல்லாம் சரியா நிக்கும், டிரான்ஸ்மிட் தட்டி அலை விட ஆரம்பிச்சதும் செட் அணைஞ்சு மறுபடி எழும். கேபிளை மாத்தி, டோமைக் கழற்றி, கடைசியா மீட்டர் வைப்பாங்க. முதல்லயே டோம் பக்கத்தில், டிரான்ஸ்மிட் ஓடும்போது, மீட்டர் வைக்கணும். ஆனா ஆள் மேல ஏறி நிக்கிறப்ப ரேடாரை ஓட விடாதீங்க. ரெண்டு வயரைக் கீழே நீட்டி அங்கேருந்து அளங்க. மேக்னட்ரான் (ரேடார் அலையை உண்டாக்குற குழாய்) உள்ள செட்டுன்னா டோமுக்குள்ள ஆயிரக்கணக்கில் வோல்ட். அணைச்ச பிறகும் மின்தேக்கியில் தங்கும்.

வள்ளியூர் வயர்மேன்:
சரியான பேச்சு. பியூசைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடுங்க, டிஸ்ப்ளேக்குப் பக்கத்தில் இல்ல.

கூத்தன்குழி:
ஒட்டு போடுற முறை. வீட்டு வயரிங் கம்பியைக் கடலுக்குக் கொண்டு வராதீங்க, டின் பூசின செம்புதான் வேணும். பூச்சில்லாத கம்பியில் இழைக்கு நடுவே உப்புத் தண்ணி ஏறும். உரிச்சுப் பார்த்தா முனையில் பச்சைக் களிம்பு, அதுக்குப் பின்னாடி அரை முழம் கருத்துக் கிடக்கும். கருத்த செம்பில் ஒட்டு பிடிக்காது, பளபளன்னு வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும்.

வெட்டுறதுக்கு முன்னே ரெண்டு பக்கக் கோர்களையும் போட்டோ எடுத்து, நிறத்தை நோட்டில் எழுதிக்கங்க. ஒரு கம்பெனி கேபிளும் இன்னொண்ணும் ஒரே நிறத்தில் ஒரே வேலை செய்யும்னு நினைக்கக் கூடாது.

எல்லாத்துக்கும் மேல வர்ற பெரிய ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிறது), 25 செ.மீ. நீளத்தில், உள்ளே பசை உள்ளதா, முதல்லயே கேபிளில் ஏத்தி ஓரமா தள்ளி வைங்க. எல்லாக் கோரையும் ஒட்டின பிறகு 'அடடா, ட்யூப் போடலையே'ன்னு நிக்கிற முகத்தை எத்தனை தடவை பார்த்தாச்சு! அப்புறம் ஒவ்வொரு கோரையும் படிக்கட்டு மாதிரி ஏத்தி இறக்கி வெட்டுங்க, ஒட்டுக்கு ஒட்டு 3 அல்லது 4 செ.மீ. இடைவெளி. ஒரே இடத்தில் எட்டு ஒட்டும் விழுந்தா பாம்பு எலியை முழுங்கின மாதிரி முடிச்சு வரும், ட்யூபும் ஏறாது.

சிலீவ் (ரெண்டு வயர் முனையையும் உள்ளே விட்டு அமுக்குற சின்னக் குழாய்) அளவு பார்த்து எடுங்க. சிவப்பு ஒன்றரை ஸ்கொயர் வரை, நீலம் இரண்டரை வரை, மஞ்சள் நாலு முதல் ஆறு. சிக்னல் கோருக்கு நீலச் சிலீவ் போட்டு அமுக்கினா பிடிச்ச மாதிரி இருக்கும், இழுத்தா கையோட வரும். அமுக்கின ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாருங்க. ஷீல்டு வலையைப் பின்னி ஒரு கோர் மாதிரி திரட்டி, தனிச் சிலீவில் சேர்த்து, மேல செம்பு நாடா சுத்துங்க. ஷீல்டை விட்டுட்டா படத்தில் கோடு கோடா இரைச்சல் வரும். பக்கத்துப் படகு ரேடார் குறுக்கிட்டா வர்றது வளைவா ஓடுற புள்ளிக் கோடு, அது குறுக்கீட்டு வடிகட்டியைப் போட்டதும் போயிடும். ஷீல்டு கோளாறு அப்படிப் போகாது.

உவரிக் கரை:
சால்டர் வச்சா என்ன கெடுதல்?

கூத்தன்குழி:
ஈயம் இழைக்குள்ளே ஏறி, சால்டர் முடியுற இடத்தில் கம்பி விறைச்சுப் போகும். மரம் ஆடுற ஆட்டத்துக்கு அந்த எல்லையில்தான் அறுக்கும். கிரிம்ப் பண்ணி, அதாவது சிலீவை அமுக்கி, மேல பசை ட்யூப் போடுறதே போதும். சால்டர்தான் வேணும்னா ஒட்டுக்கு ரெண்டு பக்கமும் கேபிளை ஆடாம கட்டுங்க.

பாளை பேட்டரி:
இதில் எனக்குக் கருத்து வேற. ஒழுங்கா சால்டர் வச்சுக் கட்டிப் போட்டது வருஷக்கணக்கில் நிக்குது. கெட்டது பெரும்பாலும் சிலிக்கான் பூசினதுதான். காடி வாசம் அடிக்கிற சிலிக்கான் செம்பைத் தின்னுடும். வாங்கும்போது வாசம் இல்லாத வகைதான்னு கேட்டு வாங்குங்க.

உவரிக் கரை:
புது செட்டில் மேலேருந்து வர்றது லேன் கேபிள். அதில் கூடுமான வரை பிளக்கை வெட்டாதீங்க, கம்பெனிக் கேபிளையே நீளமா வாங்குங்க. வெட்டித்தான் ஆகணும்னா ரெண்டு ரெண்டு கோரா ஜோடி சேர்த்த முறுக்கை 13 மி.மீ.க்கு மேல பிரிக்கக் கூடாது. ஜோடி மாறிப் போனா, அதாவது ஒரு ஜோடியின் ரெண்டு கோரும் வேற ஜோடியோட கலந்தா, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையா எரியும், ஆனா ரேடார் வந்து வந்து போகும். வரிசையை மனப்பாடமா வச்சுக்கங்க: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. 100 மெகாபிட் ஓடுறது ஆரஞ்சு, பச்சை ஜோடியில்.

வள்ளியூர் வயர்மேன்:
பழைய அனலாக் செட்டுல கேபிள் நீளம் கூடினா இன்னொரு வேலை இருக்கு, நிறையப் பேர் விட்டுடுறாங்க. ட்ரிகர் (அலையை விடச் சொல்ற துடிப்பு) மேல போகவும் வீடியோ (திரும்பி வந்த எதிரொலி) கீழே வரவும் ஒவ்வொண்ணுக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ நொடி ஆகும். டிஸ்ப்ளேயிலிருந்து ட்ரிகர் போற செட்டுல 10 மீட்டர் கூடினா போக வர 100 நானோ நொடி, திரையில் தூரம் ஏறத்தாழ 15 மீட்டர் தப்பும். தூத்துக்குடித் துறைமுகத்தில் நேரா இருக்கிற கப்பல் அணைகிற சுவருக்குப் பக்கத்தில், சின்ன ரேஞ்சில் பாருங்க. சுவர் நேரா தெரியாம உள்ளே குழிஞ்சோ வெளியே புடைச்சோ தெரிஞ்சா நேர அளவீடு தப்பு. மெனுவில் அந்தத் திருத்தத்தைச் சுவர் நேராகும் வரை ஏத்தி இறக்குங்க.

முன் திசைத் திருத்தத்துக்கு, அதாவது மூக்குக்கு நேரே இருக்கிறது திரையிலும் நேரே தெரியுறதுக்கு, கால் மைல் தூரத்தில் நங்கூரம் போட்ட தனிப் படகு ஒண்ணு எடுத்து, மூக்கை அதுக்கு நேரே வச்சுத் திருத்துங்க. உவரி கப்பல் மாதா கோயில் கண்ணுக்குத் தெளிவுதான், ஆனா ரேடாரில் ஊரோட சேர்ந்து ஒரே திட்டா வரும். பெருமணல் பக்கக் காத்தாலைகளும் வரிசையா நிக்கிறதால எது எதுன்னு குழப்பும்.

கூத்தன்குழி:
விஎச்எஃப் (படகுப் பேச்சு ரேடியோ) ஏரியல் கேபிளை ரேடார் கேபிளோட ஒரே கட்டா கட்டாதீங்க, ஒரு அடி தள்ளி ஓட்டுங்க. குறுக்கே கடந்தே ஆகணும்னா நேர்க்கோணத்தில் கடக்கணும்.

பாளை பேட்டரி:
மரத்தடியில் அந்த இணைப்பு வைக்கிற பெட்டியில் கேபிள் நுழையுறது மேல்பக்கமா, அடிப்பக்கமா? ரெண்டு விதமாவும் பார்த்திருக்கேன்.

வள்ளியூர் வயர்மேன்:
அடிப்பக்கம் அண்ணாச்சி. கிளாண்ட் (கேபிள் நுழையுற ஓட்டையை இறுக்கி அடைக்கிற திருகு) எல்லாம் கீழே பார்த்தபடி, கேபிள் பெட்டிக்குக் கீழே தூளி மாதிரித் தொங்கி மேலே ஏறி நுழையணும். வழிஞ்சு வர்ற தண்ணி அந்தத் தொங்கலில் சொட்டிடும். பெட்டி அடியில் 5 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க. அதைப் பின்னால வர்றவங்க ஒழுகுதுன்னு நினைச்சு அடைச்சிடுறாங்க. அடைச்ச பெட்டியைத் திறந்தா ஆறு மாச வேர்வைத் தண்ணி விரல் முட்டி அளவுக்கு நிக்கும்.