ஆரல்வாய்மொழிக் காற்றில் லாங்போர்டு: உடல் சூட்டைக் காத்த அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் லாங்போர்டு என்னும் நீளமான சக்கரப் பலகையை ஓட்டுபவருக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பது உண்மைதான். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேற்குக் காற்றில், சாரல் நனைத்த சட்டையோடு பலகையின் மேல் நின்றவர் அப்படிக் கேட்கமாட்டார். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே இந்தக் காற்றை நம்பித்தான். எங்கள் பக்கத்துக் குளிரை வெப்பமானி காட்டாது. ஈர உடம்பில் காற்றுப் படும்போதுதான் தெரியும்.

நான் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, காற்றாலைகளுக்கு இடையே போகும் வண்டி குறைந்த கிளைச் சாலைகளில் ஓட்டுகிறேன். அங்கே கிழக்கு நோக்கிப் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். பலகையும் காற்றும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதால் உடம்பில் காற்றே படாமல், வியர்வை உள்சட்டையில் ஊறிக்கொண்டே இருக்கும். திரும்பி மேற்கே உந்தத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை 15 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்கொள்பவரின் நெஞ்சில் 45 கிலோமீட்டர் வேகக் காற்று மோதுகிறது. ஊறிய வியர்வை விரைந்து ஆவியாகி உடல் சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே காற்றை எதிர்த்தே புறப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துணி உலர்ந்திருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடும். களைத்து வியர்த்தபின் காற்றே நம்மை வீட்டுப் பக்கம் தள்ளிக் கொண்டுவந்து சேர்க்கும்.

தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறைக்குப் போகும் சாலையில் நேர்ந்த ஒரு சந்திப்பை இங்கே சொல்ல வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் ரப்பர்ப் பால் நன்றாக வடியும் என்பதால், பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருட்டோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வேலை முடித்துச் சாயாக் கடைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், பலகையோடு நடுங்கி நின்ற என்னைப் பார்த்து, “மக்களே, நனஞ்ச சட்டையோட காத்துல நிக்கப்பிடாது, மொதல்ல அத மாத்து” என்றார். மாற்றுச் சட்டையைப் போட்டபின், கடையில் கிடந்த பழைய செய்தித்தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். தாள் காற்றைத் தடுத்து, மடிப்புகளுக்குள் வெதுவெதுப்பான காற்றைத் தேக்கி வைக்கிறது. இறக்கத்துக்கு முன் தாளை வைத்து, ஏற்றத்துக்கு முன் எடுத்துவிட்டால் போதும். விலையுயர்ந்த ஜாக்கெட் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

பருத்தி பனியனை நான் தவிர்க்கிறேன். அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், விளையாட்டுக்கான பாலியெஸ்டர் சட்டை சீக்கிரம் உலரும். பிளாஸ்டிக் மழைக்கோட்டும் உள்ளே வியர்வையைப் பூட்டிவிடுவதால், உந்தும்போது அதன் முன்பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். ஹெல்மெட்டுக்குள் கம்பளிக் குல்லா வேண்டாம், ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. காதை மூடும் மெல்லிய துணி போதுமானது. குளிரில் உடல் முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கிறது என்பதால், தரையில் கையூன்றிச் சறுக்குபவர்கள் கையுறைக்குள் இன்னொரு மெல்லிய உறை அணிவது நல்லது. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியின் கண்ணாடிக் குவளையைப் பிடித்திருந்தாலே எனக்கு விரல்கள் வழிக்கு வந்துவிடும்.

கடுங்குளிர் நாடுகளில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் பலகையும் ஒரு கவலைதான். அங்கே சக்கரம் செய்யப்பட்ட, ரப்பர் போன்ற யூரித்தேன் இறுகிப் பிடிப்புக் குறையும், பலகை சாய்ந்து திரும்ப உதவும் புஷிங் என்னும் மெத்தென்ற வளையம் விறைத்துத் திருப்பம் கடினமாகும். ஆகவே முதல் சில நிமிடங்கள் மெதுவாகவே ஓட்ட வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. சாரல் வலுத்துவிட்டால் மட்டும், நனைந்த தாரில் சக்கரம் வழுக்கும் என்பதால், பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுகிறேன். உடம்பும் சூடு ஆறாமல் இருக்கும்.