தெரிஞ்சதா, தெரியிறதா? சித்திரப் பாடம் எடுத்தவர்கள் வாங்க

வாவிக்கரையான்

ஓ.எல் என்கிற சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்தவன் நான். மட்டக்களப்பு டவுன், 2003. சங்கீதத்துக்குக் குரல் இல்லை, நாடகத்துக்குக் கூச்சம், மிச்சம் இருந்தது சித்திரம். இங்கே பாதிப்பேர் அந்த வழியில்தான் வந்திருப்பீர்கள். நேரே சோதனை நாளுக்கு வருகிறேன்.

நடுவில் ஒரு மேசை. சிவப்புத் துணி, அதன்மேல் அலுமினியக் கேத்தல், இரண்டு கத்தரிக்காய், ஒரு குரோட்டன் கொப்பு. சுற்றிவர நாங்கள். எங்கள் சேர் ஆண்டு ஒன்பதில் இருந்து காதில் ஓதியது ஒன்றே ஒன்று: "தெரிஞ்சதைக் கீறாத மகன், தெரியிறதைக் கீறு."

நான் இருந்த இடத்துக்குக் கேத்தலின் மூக்கு தெரியவில்லை. நேர் எதிர்ப்பக்கம் திரும்பி இருந்தது. பூசணிக்காய்க்கு மூடி போட்ட மாதிரி ஒரு உருண்டைதான் தெரிந்தது. அதை அப்படியே கீறி, நிழலும் போட்டு முடித்துவிட்டேன். மறுகா பயம் பிடித்துக்கொண்டது. திருத்துகிறவர் எங்கேயோ இருந்து திருத்தப் போகிறார், இது கேத்தல் என்று அவருக்கு யார் சொல்வது? கடைசி இருபது நிமிடத்தில் இடது பக்கம் ஒரு மூக்கு வைத்தேன். காணாத மூக்குக்குக் காணாத நிழலும் போட்டேன்.

பின்னேரம் சேரை ரோட்டில் கண்டேன். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"கேத்தல் எப்பிடி?"

"மூக்கு தெரியல்ல சேர்."

"அப்ப என்ன செஞ்ச நீ?"

"தெரிஞ்ச மாதிரிக் கீறினன் சேர்."

அவர் எந்தத் 'தெரிஞ்ச'வை எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முதுகில் தட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். நான் திருத்திச் சொல்லவில்லை. பெறுபேறு பி. அதை விடுங்கள். அந்தத் தட்டுத்தான் இன்னும் முதுகில் இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி ஏதும் இருந்தால் எழுதுங்கள்.

களுவாஞ்சி காகம்

இதற்கா இத்தனை வருடம் மனம் புழுங்கினீர்கள்? உங்கள் சேர் சொன்னது பாதி நியாயம்தான். எகிப்தியர்களின் சுவர்ச் சித்திரத்தைப் பாருங்கள். முகம் பக்கவாட்டில் இருக்கும், கண் மட்டும் நேரே பார்க்கும், தோள் இரண்டும் நேரே, கால் திரும்பவும் பக்கவாட்டு. கண்ணுக்குத் தெரிந்ததையா கீறினார்கள்? மனிதனுக்கு என்ன என்ன இருக்கிறது என்று தெரிந்ததைக் கீறினார்கள். பிக்காசோ ஒரே முகத்தை இரண்டு மூன்று பக்கம் நின்று பார்த்த மாதிரிக் கீறினார். நம் நாட்டு ஓவியர் ஜோர்ஜ் கீற் அந்தக் கியூபிச வழியில் நிறைய எடுத்தவர்தானே. அவர்கள் கேத்தல் கீறினால் மூக்கும் கைபிடியும் மூடியும் ஒன்றாகத் தெரியும். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள், பெயர் தெரியாமல்.

என் கதை சின்னது. அலங்கார மோஸ்தர் ஒன்றுக்கு வடமோடிக் கூத்தில் ராசா வைக்கிற முடியை எடுத்துக் கீறினேன். அப்பப்பா கூத்தாடினவர், முடி வீட்டு முகட்டில் தொங்கும். டீச்சர் பார்த்துவிட்டு, "இது என்ன, கேக்கா?" என்றார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு ஓ.எல் முடியும்வரைக்கும் தாமரைதான் கீறினேன்.

வாவிக்கரையான்

காகம், பிக்காசோ தெரிந்தே செய்தார். நான் பயத்தில் செய்தேன். இரண்டும் ஒன்றா?

கடலோரத்து டீச்சர்

நான் பிள்ளைகளின் பக்கம் இல்லை, மேசையின் மற்றப் பக்கம். அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பள்ளிக்கூடம், சுனாமிக்கு அடுத்த வருடம், 2005, இரண்டாம் தவணை. பாடத்திட்டத்தில் அடுத்ததாக இருந்தது காட்சிச் சித்திரம். நான் யோசிக்காமல் கரும்பலகையில் எழுதிவிட்டேன்: கடற்கரை.

எழுதி முடித்துத் திரும்பும்போதுதான் விளங்கியது. அந்த வகுப்பில் வீட்டில் ஆள் குறையாத பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணலாம். அழிக்கவும் ஒரு மாதிரி இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கீறத் தொடங்கினார்கள்.

ஒரு பையன் தென்னைகள், வள்ளம், வலை காயப்போட்ட கம்பு, ஒரு நாய், எல்லாவற்றையும் கெட்டித்தனமாகக் கீறி நிறமும் தீட்டியிருந்தான். தாளின் மேல் பாதி வெள்ளை. வானமும் இல்லை, கடலும் இல்லை. "இது என்ன மனே?" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. "இன்னும் முடியல்ல டீச்சர்."

மணி அடித்தது. அவன் அப்படியே தந்தான். அதற்குப் புள்ளி போட வேண்டியிருந்தது, போட்டேன். எத்தனை போட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். போட்டிருக்கக் கூடாது.

மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்று 1996 இல் இருந்து நடந்தது, பலருக்குத் தெரிந்திருக்கும். யுத்தத்தில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக இருந்து கீறுவார்கள், களிமண் பிசைவார்கள். அங்கே புள்ளி கிடையாது. எனக்கு அதெல்லாம் பின்னால்தான் உறைத்தது.

களுவாஞ்சி காகம்

டீச்சர், நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே.

கடலோரத்து டீச்சர்

அது எனக்கும் தெரியும் தம்பி.

தறிக்காரன் மகள்

மருதமுனை. வாப்பா கைத்தறி. பத்தாம் ஆண்டில் எங்களுக்குச் சீலை ஓரத்துக்கு ஒரு மோஸ்தர் செய்யச் சொன்னார்கள். காகம் சொன்ன அதே தாமரைதான், வேறென்ன. இதழெல்லாம் வளைத்து, இடையில் கொடி ஓடவிட்டு, போஸ்டர் கலர் பூசி, பார்க்க நல்ல வடிவு. தறி ஓடுகிற வீட்டில் இருந்துகொண்டு சீலை ஓரம் கீறுகிறேன், எனக்கு வராதா என்ற திமிர் வேறு.

இரவு வாப்பாவிடம் காட்டினேன். விளக்கடியில் பிடித்துக் கன நேரம் பார்த்தார். "வடிவா இருக்கு மகள். இத நெய்ய ஏலா."

ஏன் என்றேன். கையைப் பிடித்துத் தறியடிக்குக் கூட்டிப்போனார். பாவு நூலில் என் விரலை வைத்தார். "இது நேரே போகுது. ஊடு குறுக்கே போகுது. ரெண்டும் நேர். உன்ட இதழ எந்த நூல் வளைக்கும்?"

வளைவு என்று துணியில் நாங்கள் பார்ப்பது படிக்கட்டுத்தான். நூல் மெல்லிசாக இருந்தால் படி சின்னது, அதனால் வளைவு போலத் தெரியும். பத்து வருடம் அந்தத் தறிச் சத்தத்தில் தூங்கினவள், அன்றைக்குத்தான் அதைக் கண்டேன்.

விடிய மட்டும் இருந்து கணக்குக் கொப்பியின் சதுரத்தாளில் திரும்பக் கீறினேன். ஒரு கட்டம் ஒரு நூல் என்று வைத்து. தாமரை போய் ஏதோ ஒரு கூர்ப்பூ வந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. வகுப்பில் காட்டினால், நெளிவு இல்லை, விறைப்பாக இருக்கிறது என்று இருபதுக்கு எட்டு. முதல் கீறின தாமரையைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்திருந்தேன், அவள் அதைப் பார்த்துக் கீறிப் பதினாறு எடுத்தாள்.

டீச்சரிடம் வாப்பா சொன்னதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நெசவுகாரனின் பேச்சை வகுப்பில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டுப் புள்ளியை மறந்துவிட்டேன், அந்த வெட்கம் மறக்கவில்லை.

அக்கரைப்பற்று நானா

எல்லாரும் கீறுகிறதையே பேசுகிறீர்கள். புள்ளி போவது முதலாம் வினாத்தாளில். இந்த முறை எழுதுகிற பிள்ளைகள் யாரும் வாசித்தால் கேளுங்கள்.

ஒன்று, சந்திரவட்டக்கல், விகாரைப் படிக்கட்டின் அடியில் பதிக்கிற அரைவட்டக் கல். அநுராதபுரத்துக் கல்லில் வெளியில் தீச்சுடர், பிறகு யானை, குதிரை, சிங்கம், எருது, அதற்குள் கொடி, அன்னம், நடுவில் அரைத்தாமரை. பொலன்னறுவைக்கு வந்தால் எருது இல்லை. சைவர்கள் நந்தியாக வணங்குவதை மிதிக்கக் கூடாது என்று எடுத்ததாகச் சொல்வார்கள். இதைப் பாடமாக்க வேண்டாம், ஒருதரம் கீறிப்பார்த்தால் சாகும்வரை மறக்காது. மற்றது, களனி விகாரைச் சித்திரம் சோலியஸ் மெண்டிஸ், பொரளை கோதமி விகாரை ஜோர்ஜ் கீற். இந்த இரண்டையும் மாற்றி எழுதாத ஆளை நான் காணவில்லை. 43ஆம் குழு என்றால் 1943 இல் தொடங்கிய ஓவியர் குழு, 43 பேர் இருந்த குழு இல்லை. சிகிரியாச் சுவர்ச் சித்திரம் ஐந்தாம் நூற்றாண்டு, காசியப்பன் ராசா காலம். பெண்கள் இடுப்புக்குக் கீழே மேகத்தில் மறைந்திருப்பார்கள். பென்சில் 2பி, 4பி இரண்டும் கொண்டுபோங்கள். தூரிகையை வாயில் வைக்காதீர்கள். நிறம் காயமுதல் அடுத்த நிறம் வைக்காதீர்கள்.

என் அனுபவம்: சிகிரியாவை நாங்கள் போட்டோக்கொப்பி நோட்ஸில்தான் படித்தோம், கறுப்புப் புள்ளிகளாக. சுற்றுலா போய் அந்தச் சுருள் ஏணியில் ஏறி மேலே நின்றால், மஞ்சளும் காவியும் பச்சையும். பாதி முகத்தைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை, பின்னால் நின்ற சேர் தள்ளினார்: "நடங்க நடங்க, வரிசை நிக்குது."

வாவிக்கரையான்

நானா, புத்திமதி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த 43 விஷயத்தில் நானும் பிழை விட்டவன்.

தறிக்காரன் மகள், அந்தச் சதுரத்தாள் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் போடுங்கள்.

தறிக்காரன் மகள்

தாள் இல்லை. எட்டுப் போட்ட கோபத்தில் கசக்கி எறிந்துவிட்டேன். வாப்பா எடுத்து நீவித் தறியில் குத்தி வைத்திருந்தார், எனக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்து நெய்ததில் கிழிந்து போனது. துணி உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, பச்சைச் சீலை. நாளைக்கு ஊருக்குப் போகிறேன், வெளிச்சத்தில் வைத்து எடுத்துப் போடுகிறேன்.