நேப்ரன் ஏப்ரனானதற்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,
ஆங்கிலச் சொற்பிறப்பு பற்றிய கல்லூரிப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் நிற்கிறேன். சமையல்காரர் இடுப்பில் கட்டும் ஏப்ரன் முன்பு நேப்ரன். ‘எ நேப்ரன்’ என்றதைக் காது ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக்கொண்டது. ‘நிக்நேம்’ நேரெதிர்: ‘ஆன் ஈக்நேம்’, அதாவது கூடுதல் பெயர்; முன்சொல்லின் மூக்கொலி பின்சொல்லில் ஒட்டிக்கொண்டது. 1914இல் டேனிய மொழியியலாளர் ஒட்டோ யெஸ்பர்சன் இதற்கு ‘மெட்டனாலிசிஸ்’ என்று பெயரிட்டார். தமிழில் ‘பிழைப்பிரிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

> பிழைப்பிரிப்பு

பிழை வேண்டாம் அம்மா. இன்று நேப்ரன் என்று எழுதினால் அதுதான் பிழை. தொல்காப்பியப் புணரியலில், எழுத்து ஒன்றாய்ப் பொருள் வேறாகும் ‘எழுத்தோரன்ன பொருள்தெரி புணர்ச்சி’க்கு உரைகாரர் காட்டும் செம்பொன்பதின்றொடியைப் பாருங்கள். செம்பொன் பதின்தொடி என்றால் பத்துத் தொடி எடைப் பொன். செம்பு ஒன்பதின்தொடி என்றால் ஒன்பது தொடிச் செம்பு. ‘பிரிமயக்கம்’ என்பேன்.

> பிரிமயக்கம்

மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வரும் மெய்ம்மயக்கம் படித்த மாணவர் குழம்புவார் ஐயா. மேலும் செம்பொன்பதின்றொடியில் இரு பிரிப்பும் உயிரோடு இருக்கின்றன. ஏப்ரன் நேப்ரனை விழுங்கிவிட்டது. ‘பதப்பிரிப்பு மாற்றம்’ போதும்.

> பதப்பிரிப்பு

சொல் இருக்கப் பதம் எதற்கு? வடசொல்லை நாமே வலிந்து அழைக்க வேண்டுமா? ஆரஞ்சையும் பாடத்தில் சேருங்கள். நம் நாரத்தைதான் நாரங்கமாகி, பாரசீகம், அரபு வழியே மேற்கே போய்த் தலையெழுத்தை இழந்தது. ‘நாறு’ என்ற மணப்பொருள் வேரை அங்கே காண்கிறேன். நறுமை, நறை, நாற்றம் எல்லாம் ஒரே குடும்பம்.

> வடசொல்லை

நன்னூலில் பவணந்தியார் ‘பதவியல்’ என்றே ஓர் இயல் வகுத்தார், அவரையும் திருத்துவீர்களா? ஆரஞ்சு இங்கே சான்றாகாது. ஆங்கிலத்துக்கு வருமுன்பே அந்த ஒலி போய்விட்டது. ஸ்பானியரிடம் இன்றும் நாரன்ஹா. வேண்டுமானால் ஆடர் என்ற விரியனைச் சேருங்கள். அது முன்பு நேடர். ஜெர்மன் மொழியில் இன்றும் நாட்டர்.

> விரியனை

சேர்த்துவிட்டேன், நன்றி. காலை வகுப்பில் ‘எநேப்ரன்’ என்று இடைவெளியின்றிக் கரும்பலகையில் எழுதிப் பிரிக்கச் சொன்னேன். பின்வரிசை மாணவி ஒருத்தி, “தேவாரம் போலவா? தே-ஆரமா, தே-வாரமா?” என்று கேட்டாள். பதத்தை விட்டு, ‘பிரிப்பு மாற்றம்’ என்றதும் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூவர் ஒப்பியிருக்கிறீர்கள், அதையே அனுப்புகிறேன்.

> பிரிப்பு மாற்றம்

எது மாறியது, எல்லையா, பொருளா, வடிவமா என்று இச்சொல் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் பிரிமயக்கத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.