நிகரியா, சகாவா? ஒரு பெயர்ச் சிக்கல்

வணக்கம் நண்பர்களே,

தலைமைக் கணினி என்று ஒன்று இல்லாமல், கணினிகள் சமமாக நின்று நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் பியர்-டு-பியர் (peer-to-peer) வலைக்குத் தமிழில் ‘சகா வலை’ என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. அது எனக்கு ஒட்டவில்லை. சகா என்றதும் நட்புதான் முன்னால் வந்து நிற்கிறது. இந்தக் கணினிகளுக்குள் நட்பெல்லாம் கிடையாது. ஒன்றைவிட இன்னொன்று உயர்ந்ததில்லை, அவ்வளவுதான். ‘இணை வலை’யும் வேண்டாம். இணையம், இணைப்பு என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

முதலில் நினைத்தது ‘ஒப்பார் வலை’. ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர் என்கிறோமே, இங்கே ஒப்பார் உண்டு, மிக்கார்தான் இல்லை. ஆனால் கணினி அஃறிணை. போதாக்குறைக்கு, ஒரு வகுப்பில் சொல்லிப் பார்த்தபோது பின்வரிசையிலிருந்து ‘ஒப்பாரி வலை’ என்று திரும்பி வந்தது. விட்டுவிட்டேன்.

இப்போது ‘நிகரி’ என்கிறேன். வழங்குவது வழங்கி (server), வாங்குவது வாங்கி (client), நிகர்ப்பது நிகரி (peer). நிகரி வலையில் ஒரே கணினி ஒரே நேரத்தில் வாங்கவும் செய்கிறது, வழங்கவும் செய்கிறது. நிகர லாபம் குறுக்கே வருமோ என்றால், இகரத்தில் முடிந்த பிறகு யாரும் கணக்குப் புத்தகத்தைத் தேட மாட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம், அதாவது ஒரு கணினி மற்றவற்றை ஆளும் வலைக்கு, வைத்திருக்கும் ‘மைய வலை’ என்ற பெயர்தான் பெரிய சிக்கல். அது கம்பி ஓடும் வடிவத்தைச் சொல்கிறது. ஆறு கணினிகளின் கம்பிகளை ஒரு ஸ்விட்ச்சில் (எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி) செருகினால் நடுவில் ஸ்விட்ச் இருக்கும். ஆனாலும் அது நிகரி வலையாக இருக்கலாம். மையத்தில் இருக்க வேண்டியது அதிகாரம். நான் பார்த்துக்கொண்ட ஒரு சின்ன அலுவலகத்தில் முதலில் நிகரி வலைதான். ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினால் ஆறு கணினியிலும் போய் மாற்றணும். பிரிண்டர் செருகிய கணினியை அதன் ஆள் அணைத்துவிட்டு மதியமே கிளம்பினால், அன்றைக்கு யாருக்கும் அச்சு கிடையாது. ஆள் பெருகினாலும் தொல்லைதான்: அன்றைய விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல் ஒரே நேரத்தில் 10 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. 11ஆவது ஆள் வாசலிலேயே நிற்பார். யார் உள்ளே வரலாம் என்பதை எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து முடிவுசெய்யும் டொமைன் கன்ட்ரோலர் என்ற வழங்கியை வைத்ததும் கடவுச்சொல் ஓரிடத்துக்கு வந்தது. கூடவே புதுத் தலைவலி: வழக்கமான அமைப்பில் கணினியின் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால், ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை உள்ளே விடாது! ஆகவே ‘மைய ஆளுகை வலை’. நீளம்தான், ஆனால் உள்ளதைச் சொல்கிறது.

1999இல் வந்த, பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டர் மென்பொருளில் இந்தப் பெயர்களை உரசிப் பார்த்தேன். பாட்டு ஒருவர் கணினியிலிருந்து நேரே இன்னொருவர் கணினிக்குப் போனது. எந்தப் பாட்டு யாரிடம் என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் வழங்கியில். பதிப்புரிமை வழக்கில் வந்த நீதிமன்றத் தடையால் 2001இல் அந்த வழங்கியை நிறுத்தியதும் எல்லாமே படுத்துவிட்டது. 2000இல் வந்த, கோப்புகளைப் பகிரும் நுடெல்லாவில் (Gnutella) அப்படி நடுவில் ஒரு பட்டியலே இல்லை. அணைக்க ஓர் இடமும் இல்லை. ஆக, நாப்ஸ்டர் தேடலில் வாங்கி-வழங்கி, பரிமாற்றத்தில் நிகரி என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. இணையச் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் காசு கேட்காமல் தங்களுக்குள் போக்குவரத்தை மாற்றிக்கொள்ளும் ‘பியரிங்’ இருக்கிறதே, அதற்கு ‘நிகர்த்தல்’ சரிவருமா? எனக்கு அரைமனசுதான்.