உகந்தைக் கல்லோடம்: பெத்தா சொன்னதும் நான் கண்டதும்

கல்லுக்குக் கதை என்றால் எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் எல்லாருக்கும் முதலில் வருவது கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலின் கல் நந்திதான், பறங்கித் (போர்த்துக்கேய) தளபதியின் முன்னால் எழும்பிப் புல்லுத் தின்றது என்பார்கள். எனக்கு மனதில் நிற்பது உகந்தை. பொத்துவில் தாண்டி, பாணமை தாண்டி, குமணக் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற முருகன் கோயில். அங்கே கடற்கரையில் ஓடம் மாதிரியே ஒரு பாறை கிடக்கும்.

சின்ன வயதில் பெத்தாதான் (பாட்டி) கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். "முருகனும் வள்ளியும் கல்லோடத்தில வந்து இறங்கின இடம் மனே இது, மறுகாத்தான் கதிர்காமம் போனாங்க" என்றார். சூரனை வென்ற வேல் கடலுக்குள் போய் மூன்று கதிராகக் கிளம்பியதாம், ஒன்று உகந்தை மலையிலும், ஒன்று திருக்கோவிலிலும், மற்றது மண்டூர்த் தில்லை மரத்திலும் தங்கியதாம். இதைச் சொல்லும்போது பெத்தாவின் குரல் தணிந்துவிடும். மலையில் ஏறி வள்ளியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பாறைச் சுனைத் தண்ணீரைத் தலையில் தெளித்தோம்.

சண்டைக் காலத்தில் பல வருடம் அந்தப் பக்கம் போக ஏலாமல் இருந்தது. திரும்பப் போனபோது பெத்தா இல்லை. விடிய முந்தியே கடற்கரைக்குப் போய்விட்டேன், அலை வந்து பாறையின் அடியைச் சுற்றி நுரைத்து இழுபடும்போது, ஓடம் மெல்ல முன்னுக்கு நகர்கிற மாதிரி இருந்தது, கண் அலையோடு போவதால் அப்படித் தெரியும் என்று தம்பி பிறகு விளக்கினான், சரியாக இருக்கலாம், ஆனால் அந்த நேரம் எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

வெளிச்சம் வந்த பிறகு நாலைந்து பொடியன்கள் செருப்போடு ஏறி நின்று படம் எடுத்தார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது. கதிர்காமத்துக்குப் போகிற பாத யாத்திரைக் கூட்டத்திலிருந்த ஒரு ஐயா கிட்டப் போய், "தம்பிமார், இறங்குங்க, இது சாமி வந்த ஓடம்" என்றார். ஏசவில்லை, அவ்வளவுதான் சொன்னார். பொடியன்கள் பேசாமல் இறங்கினார்கள், ஒருவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். ஐயா இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி அவர்கள் மிதித்த இடத்தில் ஊற்றினார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குமணப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்ட தன் ஆட்களோடு போய்ச் சேர்ந்தார்.

போகிறவர்கள் விடியப் போய்ப் பாருங்கள். ஆடித் திருவிழா நாட்களில் சனம் கூடிவிடும், ஆறுதலாக நிற்க முடியாது.