புதுப்பிப்பு: பெட்டைக் குதிரையின் கண்ணோரக் கட்டி

எங்கள் பெட்டைக் குதிரையின் கண்ணோரத்தில் மரு போல வளர்ந்த கட்டியை அறுத்து எடுத்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அது சார்காய்டு, அதாவது குதிரைகளின் தோலில் வரும் ஒருவகைக் கட்டி, என்று கால்நடை மருத்துவர் உறுதிசெய்தார். மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸோடு தொடர்புடைய இக்கட்டி பொதுவாக உள்ளுறுப்புகளுக்குப் பரவுவதில்லை என்றாலும், அரைகுறையாக வெட்டினால் முன்னைவிட மூர்க்கமாக வளரக்கூடும் என்பதாலும், இமையருகே ஆழமாக வெட்ட இடமில்லை என்பதாலும், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கட்டிக்குள்ளேயே ஊசியாகச் செலுத்தும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது மேல்தோல் கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது. ஓரங்கள் சுருங்கி, இமை முழுதாக மூடுகிறது. அதைப் பார்த்தபோது பெரிய நிம்மதி. புற்றுநோய் மருந்து என்பதால் குதிரையைப் பிடிப்பவரும் கையுறை அணிய வேண்டும், கர்ப்பிணிகள் அருகில் வரவே கூடாது. புண்ணில் ஈ மொய்க்காதிருக்க முகவலை போட்டிருக்கிறோம். அடுத்த ஊசிக்குப் பின் எஞ்சுவதை உறையவைத்து அழிப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பார்.